செம்மண் மேட்டில் ஒரு கலங்கரை விளக்கம்

கடலுக்குள் நிற்கிற அந்தக் கோபுரத்தில் ஒரு கல்வெட்டு பதித்திருக்கிறார்களாம். எந்த வருஷம் கட்டி முடித்தார்கள், எந்தப் பெரிய மனிதர் வந்து முதல் விளக்கை ஏற்றினார் என்றெல்லாம் அதில் எழுதியிருக்கிறதாம். போய்ப் பார்த்துவிட்டு வந்த எங்கள் ஆட்கள் சொன்னார்கள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அந்தக் கோபுரத்தின் உச்சியில் முதல் விளக்கு எரிந்தபோது அது கடலிலேயே இல்லை. குயிலாப்பாளையத்துச் செம்மண் மேட்டில் நின்றது. விளக்கை ஏற்றியவள் வீரம்மாள். பெரிய மனுஷி ஒன்றும் இல்லை, எங்களோடு கூடை சுமந்தவள்.

என் பெயர் அமலோற்பவமேரி. கல் செதுக்குகிறவர்களின் உளிக்குத் தண்ணீர் ஊற்றுவது என் வேலை. என் வீட்டுக்காரர் தொம்மை அங்கே கல்லை மேலே தூக்குகிற வின்ச் சுற்றினார். அதனால் அந்தக் கோபுரத்தின் ஒவ்வொரு கல்லும் எங்கள் இரண்டு பேர் கையையும் தொட்டுத்தான் மேலே போனது. கல்வெட்டில் அதைப் போட மாட்டார்கள். போடாவிட்டால் போகட்டும்.

கரையிலிருந்து தோணியில் அரை நாள் போனால் நடுக்கடலில் ஒரு பாறை உண்டு. அலை அடங்கின நாளில் எருமை முதுகு மாதிரி கொஞ்சம் தெரியும். மற்ற நாளில் தண்ணீருக்கு அடியில் கமுக்கமாகக் கிடக்கும். எத்தனை கப்பல், எத்தனை தோணி அதில் மோதிப் போயிற்றோ, அந்தக் கணக்கு கடலுக்குத்தான் தெரியும். பிரெஞ்சுக்காரன் காலத்திலேயே அங்கே ஒரு விளக்கு வைக்க வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தார்களாம். பேச்சு பேச்சாகவே இருக்க, யுத்தம் வந்தது, போயிற்று, கடைசியில் பிரெஞ்சுக்காரனும் போனான். அவன் போய் நாலைந்து வருஷத்துக்குப் பிறகு நம் சர்க்கார் அந்த வேலையைக் கையில் எடுத்தது.

அங்கே சாதாரணமாகக் கட்டினால் நிற்காது. சுண்ணாம்பு காய்வதற்குள் அலை நக்கித் தின்றுவிடும். அதனால் கல்லைக் கல்லே கடித்துப் பிடித்துக்கொள்ளும்படி செய்தார்கள். ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு பக்கம் நாக்கு, மறுபக்கம் அந்த நாக்கு நுழைகிற வாய். ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டால் பிறகு யானை கட்டி இழுத்தாலும் வராது. ஆனால் நடுக்கடலில் போய், பொருந்தவில்லையே என்று செதுக்கிக்கொண்டிருக்க முடியுமா? ஆகவே முழுக் கோபுரத்தையும் முதலில் தரையில் நிறுத்திப் பார்ப்பது, எல்லாம் பொருந்துகிறது என்று தெரிந்த பிறகு கல் கல்லாகப் பிரித்துக் கடலுக்குக் கொண்டுபோவது என்று முடிவாயிற்று. அதற்கு அவர்களுக்குக் கிடைத்த இடம் எங்கள் மேடு. மரம் மட்டை இல்லாத வெட்டவெளி, கெட்டியான தரை, கண்ணுக்கு எட்டின தூரத்தில் கடல்.

திண்டிவனத்துப் பக்கத்துக் குவாரிகளிலிருந்து, நாக்கும் வாயும் பாதி செதுக்கின கல் வந்தது. லாரி கிளியனூரில் டீ குடிக்க நின்றால் ஊரே கூடிவிடுமாம். அதென்ன கல்லுக்கு நாக்கு என்று தடவித் தடவிப் பார்ப்பார்களாம். நாங்களும் முதலில் அப்படித்தான் வேடிக்கை பார்த்தோம். பிறகு அது வளர வளர வேடிக்கை போய்விட்டது. பனைமர உயரத்தைத் தாண்டிற்று. இரண்டு பனை உயரம் ஆயிற்று. உள்ளே சுற்றிச் சுற்றி ஏறுகிற படி. சுவரில் காதை வைத்தால் காற்று உறுமுகிற சத்தம். எந்தச் சாந்தும் இல்லாமல், ஒரு பிடி மண்கூட இல்லாமல், வெறும் கல்லும் கல்லும் பிடித்துக்கொண்டு அவ்வளவு பெரியது எங்கள் தலைக்கு மேல் நின்றது. ஒரு நாள் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தேன். மேகம் ஓடிக்கொண்டிருந்தது. கோபுரமே என்மேல் சாய்ந்து வருவதுபோல் இருக்க, என்னை அறியாமல் சிலுவை போட்டுக்கொண்டேன். பக்கத்தில் நின்ற வீரம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். ஆனால் பயம் என்னவோ பயம்தான்.

வீரம்மாளின் புருஷன் பச்சைமுத்து நல்ல கல்தச்சன். கோபுரம் இங்கே நிற்கும்போதே அங்கே கடலில் பாறையைப் படிபோல வெட்டி அதற்கு அடித்தளம் தயார் செய்ய ஒரு கூட்டத்தை அனுப்பியிருந்தார்கள். பச்சைமுத்து அதில் போயிருந்தான். பாறை தலைகாட்டுகிற நேரத்தில் வெட்டுவது, மற்ற நேரம் பக்கத்தில் நங்கூரம் போட்ட தோணியிலேயே கிடப்பது. அதுவரை கடலைத் தூரத்தில் நீலக் கோடாக மட்டும் பார்த்திருந்தவன். மழைக்காலம் தொடங்குவதற்குள் ஆட்களை அழைத்து வந்துவிடுவதாகத்தான் பேச்சு. ஐப்பசி முழுக்கக் காற்றும் மழையும் ஓயவில்லை, தோணி போக முடியவில்லை. அவர்கள் கிடந்த தோணியில் அரிசியும் தண்ணீரும் தீர்ந்துகொண்டிருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். வீரம்மாள் கூடை சுமப்பாள், கடலைப் பார்ப்பாள், மறுபடி கூடை சுமப்பாள். சாப்பிட்டாயா என்று கேட்டால் எரிந்து விழுவாள். நான் கேட்பதை நிறுத்தவில்லை, அவளும் எரிந்து விழுவதை நிறுத்தவில்லை.

கார்த்திகை பிறந்ததும் ஒரு நாலு நாள் வானம் வெளுத்திருந்தது. கோட்டக்குப்பத்து நத்தர்ஷாவின் பெரிய தோணி போயிற்று. அவருடைய தம்பியே சுக்கான் பிடித்துப் போனார். கார்த்திகை தீபத்தன்று சாயங்காலம் எல்லோரையும் கரை சேர்த்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

இந்தச் செய்தி வந்த பிறகுதான் சுப்பராயலுவுக்கு அந்த யோசனை வந்தது. சுப்பராயலு அந்த மேட்டில் பெரிய விவசாயி, மல்லாட்டைக் கடலையும் கரும்பும் போடுகிறவர், வாய் கொஞ்சம் ஜாஸ்தி. திருவண்ணாமலையில் மலை உச்சியில் தீபம் ஏற்றுகிறார்கள், நம் ஊரில் இத்தனை காலமாக மலை இல்லை, இப்போது சர்க்காரே ஒரு மலையைக் கட்டிக் கொடுத்திருக்கிறது, தை பிறந்தால் பிரித்துக்கொண்டு போய்விடுவார்கள், இந்த ஒரு கார்த்திகையை விட்டால் மறு கார்த்திகை நமக்கு உண்டா என்று கேட்டார். எல்லோருக்கும் அது பிடித்துப்போயிற்று. தடுத்திருக்கக்கூடிய ஓவர்சியர் விழுப்புரம் ஆபீசுக்குப் போயிருந்தார்.

வெல்லம் காய்ச்சுகிற இரும்புக் கொப்பரையைச் சுப்பராயலு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். கல் தூக்குகிற அதே வின்சில் தொம்மை அதை உச்சிக்கு ஏற்றினார். வீட்டுக்கு வீடு எண்ணெய் வந்தது. மல்லாட்டை எண்ணெய், இலுப்பை எண்ணெய், கொஞ்சம் வசதி உள்ளவர்கள் நெய். பெண்கள் பழைய புடவைகளை முறுக்கி, என் கை பருமனுக்குத் திரி செய்தார்கள். என்னுடைய புடவை ஒன்றும் அதில் போயிற்று. எங்கள் மாதா கோவித்துக்கொள்ள மாட்டாள் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். யார் ஏற்றுவது என்று வந்தபோது எல்லோரும் வீரம்மாளைக் காட்டினார்கள். புருஷன் கடலில் இருக்கிறான், அவன் பார்க்கும்படி அவள் ஏற்றட்டும் என்றார்கள். அன்றைக்குத்தான் அவள் பல நாளைக்குப் பிறகு தலை வாரிப் பூ வைத்துக்கொண்டாள்.

பொழுது சாய்ந்தது. உச்சியில் முதலில் ஒரு புள்ளி. பிறகு புடவைத் திரி முழுக்கப் பற்றிக்கொண்டு, ஒரு ஆள் உயரத்துக்கு நெருப்பு எழுந்து நின்றது. நான் பிறந்த நாளிலிருந்து அவ்வளவு பெரிய விளக்கைப் பார்த்ததில்லை. மேடு முழுக்கச் சிவந்தது. எங்கள் முகம், கை, கிடந்த கல் எல்லாம் சிவந்தன. கடல்வரை அந்த வெளிச்சம் போயிற்று என்று நினைத்துப் பூரித்துப்போனோம். போகத்தான் போயிற்று.

ஊர்ப் பெண்கள் வாசலில் அகல் வரிசை வைக்கக் கலைந்து போய்க்கொண்டிருந்தபோது நத்தர்ஷா வந்தார். சைக்கிளை மேட்டில் மிதிக்க முடியாமல் பாதி வழியில் போட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறார். கைலி முழங்கால்வரை செம்மண். மூச்சு வாங்குவதற்குள் நெருப்பைக் காட்டிக் கையை ஆட்டினார். அவர் சொன்னதை எங்கள் காதில் வாங்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

தெற்கே புதுச்சேரிப் பக்கம் மழை இறங்கிவிட்டதாம். மழைக்குள் புதுச்சேரி லைட்ஹவுஸ் வெளிச்சம் மறைந்துபோய்விட்டது. அந்த வெளிச்சத்தை வைத்துத்தான் தோணி கரைக்கு வரும். இப்போது கடலில் இருப்பவன் கண்ணுக்குத் தெரிகிற ஒரே வெளிச்சம் எங்களுடையது. இதுதான் புதுச்சேரி என்று நினைத்துத் தோணியை இதற்கு நேராகத் திருப்புவான். இதற்கு நேரே கரைக்கு முன்னால் மணல் திட்டு இருக்கிறது. மழைக்காலத்தில் அலை அதன்மேல் ஏறி உடைகிற இடம். அங்கே வந்த தோணி முழுசாகத் திரும்பியதில்லை.

சுப்பராயலுவுக்கு நம்பிக்கை வரவில்லை. அணைத்துவிட்டால் அவர்களுக்கு ஒன்றுமே தெரியாதே, இருட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். எனக்கும் அதுதான் தோன்றியது.

நத்தர்ஷா அவரை நேராகப் பார்த்துச் சொன்னார்: "வெளிச்சமே இல்லன்னா நங்கூரத்த போட்டுட்டு அப்டியே நிப்பாங்க. தப்பு வெளிச்சம் இருந்தா வந்துக்கினே இருப்பாங்க. என் தம்பி அதுல இருக்கான். ஜல்தி அணைங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்களுக்கு விளக்கு என்றால் வெளிச்சம், சாமி, வீட்டுக்கு லட்சணம். கடலில் இருக்கிறவனுக்கு ஒவ்வொரு விளக்கும் ஒரு ஊரின் பெயர். நாங்கள் ஆசை ஆசையாக ஏற்றி, அத்தனை பெரிய கடலிடம் ஒரு பொய்ப் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தோம். தோணியில் இருப்பவர்கள் அதை நம்பி வந்துகொண்டிருந்தார்கள்.

ஆனால் யார் அணைப்பது? கார்த்திகை தீபத்தை மனிதக் கையால் அணைக்கிற வழக்கம் இல்லை. அதுவாக எரிந்து தீர்ந்து மலையேற வேண்டும். சாதாரண நாளில்கூட வீட்டு விளக்கை வாயால் ஊத மாட்டார்கள், ஒரு பூவால் மெல்லத் தொட்டுக் குளிர வைப்பார்கள். கூட்டத்தில் ஒருவரும் படி பக்கம் நகரவில்லை. நத்தர்ஷாவையே ஏறச் சொன்னார்கள். அவருக்கு மூச்சே திரும்பவில்லை, நிற்கவே முடியாமல் கல்லைப் பிடித்துக்கொண்டிருந்தார். அப்புறம் எல்லோருடைய கண்ணும் என் பக்கம் திரும்பிற்று. நீ வேதக்காரிதானே, உனக்குக் கார்த்திகை இல்லை, உன்னை ஒன்றும் செய்யாது, நீ போய் அணைத்துவிடு என்றார்கள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. புடவை கொடுக்கும்போது வேதக்காரி என்று யாரும் சொல்லவில்லையே என்று கேட்க நினைத்தேன். ஆனால் கேட்டுக்கொண்டு நிற்கிற நேரமா அது? கூடையை எடுத்தேன். ஈரச் செம்மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். எண்ணெய் நெருப்புக்குத் தண்ணீர் ஆகாது, மண்தான் ஆகும். தொம்மையிடம் வின்சில் மண் ஏற்றி அனுப்பச் சொன்னேன்.

வீரம்மாள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஏத்தினது நானு. நான்தான் அணைப்பேன்" என்றாள். "நாளைக்கு அந்தாளுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, மேரிக்கா அணைச்சதாலதான்னு ஊரு சொல்லும். அந்தப் பேரு அக்காவுக்கு வேணாம்."

சுப்பராயலு பதறிப்போய்க் குறுக்கே வந்தார். அவர் கெட்டவர் இல்லை. பயந்துதான் அப்படிச் சொன்னார், இருந்தாலும் நான் அதை மறக்கவில்லை. "புருஷன் கடல்ல இருக்கறப்ப கார்த்திக வெளக்க அணைக்கறது, உன் தாலிய நீயே அறுத்துக்கிற மாதிரிம்மா" என்றார்.

வீரம்மாள் என் கையிலிருந்த கூடையை வாங்கிக்கொண்டாள். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தாள். நான் பின்னாலேயே ஏறினேன். அந்தப் படியை எத்தனையோ தடவை ஏறியிருக்கிறோம், அன்றைக்குப் போல் அது நீண்டதில்லை. ஏற ஏறச் சுவர் சூடாக இருந்தது. அவள் முணுமுணுத்துக்கொண்டே ஏறினாள். சாமியைக் கும்பிடுகிறாளா திட்டுகிறாளா என்று தெரியவில்லை.

மேலே போனதும் அனல் முகத்தில் அறைந்தது. எனக்கு நெருப்பைத் தவிர எதுவும் தெரியவில்லை. கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு கடல் பக்கம் திரும்பினேன். அப்படி ஒரு கருப்பை நான் அதற்கு முன்னால் கண்டதில்லை. பௌர்ணமி நிலாவை மேகம் முழுங்கியிருந்தது, வானம் எது, தண்ணீர் எது என்று பிரிக்க முடியவில்லை. மேடு, ஊர், வயல், நாங்கள் கட்டின கோபுரம் எல்லாம் சேர்ந்தும் அதன் ஓரத்தில் ஒட்டின தூசியாகத்தான் இருந்தோம். அந்தக் கருப்புக்குள் எங்கோ பத்துப் பதினைந்து பேர் எங்கள் கொப்பரையையே பார்த்துக்கொண்டு வருகிறார்கள் என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. நெருப்புக்கு இவ்வளவு அதிகாரம் உண்டென்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

வீரம்மாள் கூடையை இறக்கி வைத்தாள். கையை எடுத்துக் கும்பிட்டாள். பிறகு தலைக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய், காலையில் வைத்த பூவை எடுத்தாள். அவள் என்ன செய்யப்போகிறாள் என்று எனக்குப் புரிந்தது. விளக்கைப் பூவால்தான் குளிர வைக்க வேண்டும். அவளிடம் இருந்த பூ அதுதான். கடலில் புருஷன் இருக்க, நல்ல நாளும் அதுவுமாக, சுமங்கலி ஒருத்தி தன் தலைப்பூவைத் தன் கையால் எடுத்தாள். கீழே நின்ற பெண்கள் நெருப்பு வெளிச்சத்தில் அதைப் பார்த்துவிட்டார்கள். கீழேயிருந்து ஒரு ஓலம் கேட்டது.

அவள் பூவை நெருப்பில் போட்டாள். "கோவிச்சுக்காத" என்று மட்டும் சொன்னாள். அப்புறம் மண்.

இரண்டு பேரும் வாரி வாரிக் கொட்டினோம். தொம்மை கீழேயிருந்து வின்சில் கூடை கூடையாக ஏற்றிக்கொண்டே இருந்தார். நெருப்பு லேசில் விடவில்லை. ஒரு பக்கம் அமுங்கினால் மறுபக்கம் சீறிற்று. என் புருவம் கருகிற்று. அவள் முன்கை கொப்பளித்தது. கடைசி ஜுவாலை மண்ணுக்கு அடியில் போனபோது, என் வாழ்நாளில் நான் நின்ற மிகப் பெரிய இருட்டில் நின்றேன். ஊரில் அகல்கள் மினுக்கின. அந்தச் சின்ன வெளிச்சம் கடலுக்கு எட்டாது. வீரம்மாள் கொப்பரையின் மேல் இரண்டு கையையும் ஊன்றிக் கருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கூப்பிட்டாலும் வரவில்லை. மழை எங்கள் பக்கமும் வந்து நனைத்துவிட்டுப் போயிற்று. அப்போதும் அவள் நகரவில்லை.

விடிவதற்கு முன்பே கோட்டக்குப்பத்துக் கரைக்குப் போய்விட்டோம். பாதி ஊர் வந்திருந்தது. சுப்பராயலுவும் வந்திருந்தார், யார் முகத்தையும் பார்க்காமல் தள்ளி நின்றார். கிழக்கு வெளுத்ததும் வடக்கே தோணி தெரிந்தது. நங்கூரம் போட்டு, நின்ற இடத்தில் ஆடிக்கொண்டிருந்தது. அதற்கும் கரைக்கும் நடுவில், ஒரு வயல் அகலம்கூட இருக்காது, வெள்ளையாக அலை ஏறி ஏறி உடைந்துகொண்டிருந்தது. நத்தர்ஷா மணலிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் வீரம்மாளின் தோளைக் கட்டிக்கொண்டேன். அவள் உடம்பு கல்லாக இருந்தது, தோணியில் யார் யார் இருக்கிறார்கள் என்று அவ்வளவு தூரத்தில் தெரியவில்லை.

தோணி நிதானமாக விலகித் தெற்கே வந்து சேர வெயில் ஏறிவிட்டது. முதலில் இறங்கிய நத்தர்ஷாவின் தம்பி அண்ணனைக் கட்டிக்கொண்டு, நடந்ததைத் திக்கித் திக்கிச் சொன்னார். பெரிய வெளிச்சமாகத் தெரிந்ததால் புதுச்சேரி பக்கத்தில் வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டு விரட்டிக்கொண்டு வந்தார்களாம். சட்டென்று அது இல்லாமல் போயிற்றாம். உண்மையான லைட்ஹவுஸ் அப்படிப் போகாதே என்று சந்தேகம் வந்து நங்கூரத்தைப் போட்டார்களாம். நங்கூரம் பிடித்த பிறகுதான் முன்னால் அலை உடைகிற சத்தமே காதில் விழுந்ததாம்.

ஆட்கள் ஒவ்வொருவராகத் தண்ணீரில் இறங்கி நடந்து வந்தார்கள். பச்சைமுத்து கடைசியில் வந்தான். தாடியும் உப்புமாக, அடையாளமே தெரியாமல் இருந்தான். முழங்கால் ஆழத்தில் வந்தபோது அவளைப் பார்த்தான். கரி படிந்த முகம், கொப்பளித்த கை. அதெல்லாம் அவன் கண்ணில் படவில்லை. கார்த்திகைக்கு மறுநாள் காலையில் பூ இல்லாத அவள் தலையைத்தான் பார்த்தான். அப்படியே தண்ணீரில் நின்றுவிட்டான்.

"யாருடி செத்துப் பூட்டாங்க?" என்றான்.

"யாரும் போவல" என்றாள் வீரம்மாள். "அதுக்குத்தான்."